8070 குழாய்களும் ஒரு அநாதைப் பையனும்

போன செமஸ்டர் லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது அப்பாதான் கார்ல கொண்டுவந்து விட்டார். திண்டிவனம் தாண்டினதும் டெம்பரேச்சர் முள் மெதுவா மேல ஏற ஆரம்பிச்சது. ஏசியை ஆஃப் பண்ணிப் பார்த்தோம். முள் இறங்கல. அப்பா ஓரம் கட்டினார். பானெட்டைத் திறந்ததும் சூடும், அதோட ஒரு இனிப்பு வாசனையும் மூஞ்சில அடிச்சது. கூலண்ட் டேங்க்ல மினிமம் கோட்டுக்குக் கீழே போயிருந்தது.

நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பர்ல நல்ல கிரேடு. அப்பா என்னைப் பார்த்தார். நான் கெத்தா ரேடியேட்டர் மூடியில கையை வைக்கப் போனேன். பக்கத்து ஒர்க்‌ஷாப்ல இருந்து ஓடி வந்த மெக்கானிக் அண்ணன் போட்ட சத்தத்துல கையை எடுத்துட்டேன். எடுக்காம இருந்திருந்தா இந்தக் கட்டுரையை ஒரு கையால டைப் பண்ணிட்டு இருந்திருப்பேன். சூடா இருக்கும்போது உள்ளே கூலண்ட் அழுத்தத்துல இருக்கும். மூடியைத் திறந்த நொடியே அது கொதிச்சு மேல பீய்ச்சி அடிக்கும். சிலபஸ்ல படிச்சதுதான். ரோட்டுல ஞாபகம் வரல.

அந்த லீக்கை அவர் எப்படிக் கண்டுபிடிச்சார்னு கடைசில சொல்றேன். அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல படுத்துட்டு யோசிச்சது வேற. இந்த ரேடியேட்டரை முதன்முதலா இந்த மாதிரி யோசிச்ச ஆள் யாரு? தேடிப் போனப்போ கிடைச்ச பேர் வில்ஹெல்ம் மைபாக். ஆமா, கோடிக்கணக்குல விலை சொல்ற அந்த மேபேக் கார்ல இருக்கிற அதே பேர்தான். ஆனா அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் காசோட பிறந்தவர் இல்ல.

மைபாக் 1846 பிப்ரவரி 9 அன்று ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரத்துல ஒரு தச்சருக்கு மகனாகப் பிறந்தார். எட்டு வயசுல அம்மா இறந்துட்டாங்க. பத்து வயசுல அப்பாவும் போயிட்டார். பத்து வயசுப் பையனுக்கு யாருமே இல்ல. ராய்ட்லிங்கன் ஊர்ல குஸ்தாவ் வெர்னர் என்கிற பாதிரியார் நடத்தின ப்ரூடர்ஹவுஸ் என்ற இல்லம் அவனை எடுத்துக்கிட்டது. அங்க சும்மா சோறு போட்டு வளர்க்கிற வழக்கம் இல்ல. இல்லத்துக்குன்னே ஒரு இயந்திரத் தொழிற்சாலை இருந்தது. பசங்க ஒவ்வொருத்தரும் ஒரு தொழில் கத்துக்கணும்.

பதினஞ்சு வயசுல மைபாக் டிராயிங் ஆபீஸ்ல பயிற்சிக்குச் சேர்ந்தார். பகல்ல வேலை, சாயங்காலம் ஊர்ப் பள்ளிக்கூடத்துல கணக்கும் இயற்பியலும். நம்மள மாதிரி நாலு வருஷம் பி.இ. கிடையாது. பேப்பர்ல கோடு போட்டுக் கத்துக்கிட்ட இஞ்சினியரிங்.

அந்தத் தொழிற்சாலைக்கு மேலாளராக வந்தவர் கோட்லீப் டைம்லர். மைபாக்கைவிடப் பன்னிரண்டு வயசு மூத்தவர். இந்தப் பையனோட கையில என்ன இருக்குன்னு டைம்லர் புரிஞ்சுக்கிட்டார். அதுக்கப்புறம் டைம்லர் எங்கே போனாரோ அங்கே மைபாக்கும் போனார். 1869ல கார்ல்ஸ்ரூவுக்கு. 1872ல கொலோன் பக்கத்துல இருந்த டாய்ட்ஸ் எரிவாயு இன்ஜின் கம்பெனிக்கு. அங்கே மைபாக் தலைமை டிசைனர் ஆனார். அந்தக் கம்பெனியோட இன்னொரு பெரிய பேர் நிக்கோலஸ் ஓட்டோ. நம்ம தெர்மோ புக்ல வர்ற ஓட்டோ சைக்கிளோட ஓட்டோ அவரேதான். 1876ல வந்த அந்த நாலு ஸ்ட்ரோக் இன்ஜினை விற்பனைக்கு ஏத்த மாதிரி செதுக்கினதுல மைபாக்குக்கு முக்கியமான பங்கு உண்டு.

ஆனா அந்த இன்ஜின் எல்லாம் தொழிற்சாலைத் தரையில நட்டு வைக்கிற சைஸ். மெதுவா சுத்தும், ரொம்ப கனம். டைம்லருக்கும் மைபாக்குக்கும் ஆசை வேற மாதிரி இருந்தது. சின்னதா, லேசா, வேகமா சுத்துற ஒரு இன்ஜின் வேணும். அப்போதான் அது வண்டியில ஏறும். 1882ல டைம்லர் டாய்ட்ஸை விட்டு வெளிய வந்தார். மைபாக்கும் கூடவே கிளம்பிட்டார். நிலையான சம்பளம், பெரிய பதவி, கல்யாணமாகி குழந்தை வேற. எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு ஒரு ஆள் இப்படிக் கிளம்புறது சாதாரணம் இல்ல.

ரெண்டு பேரும் ஸ்டுட்கார்ட் பக்கத்துல கான்ஸ்டாட்ல, டைம்லர் வீட்டுத் தோட்டத்துல இருந்த கண்ணாடிச் செடி வீட்டை ஒர்க்‌ஷாப் ஆக்கினாங்க. ராத்திரி பகலா உள்ளே சத்தம். தோட்டக்காரருக்குச் சந்தேகம் வந்துடுச்சு. உள்ளே கள்ள நோட்டோ கள்ளக் காசோ அடிக்கிறாங்கன்னு போலீஸ்ல சொல்லிட்டார். போலீஸ் வந்து பார்த்தப்போ இருந்தது இன்ஜின் மட்டும்தான். நம்ம ப்ராஜெக்ட் லேப்ல நடுராத்திரி செக்யூரிட்டி அண்ணா வந்து கதவைத் தட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

1885ல அந்த இன்ஜின் ஒரு மரச் சட்ட ரெண்டு சக்கர வண்டியில ஏறினது. அரை குதிரைத்திறன், 264 சிசி. இன்னைக்கு பைக்கோட தாத்தான்னு சொல்ற வண்டி அது. அடுத்த வருஷம் நாலு சக்கர வண்டி.

இங்கதான் சூடு பிரச்சினையா மாறுது. இன்ஜின்ல எரியுற எரிபொருளோட சக்தி முழுசா சக்கரத்துக்குப் போறது இல்ல. தோராயமா மூணுல ஒரு பங்குதான் வேலையா மாறும். அதுவும் இன்னைக்கு இருக்கிற இன்ஜினுக்கு. மீதி புகையோட போகும், இல்லேன்னா சிலிண்டர் சுவர் வழியா வெளிய போகும். அந்தச் சுவர் சூட்டை யாராவது எடுத்துட்டுப் போகலேன்னா பிஸ்டன் இறுகிடும். அரை குதிரைத்திறனுக்குக் காத்து போதும். பவர் ஏற ஏற தண்ணி வேணும்.

அந்தக் காலத்துல தண்ணி குளிர்விப்புன்னா பெரும்பாலும் தண்ணியைக் கொதிக்க விட்டு ஆவியா வெளிய அனுப்புறதுதான். கார்ல் பென்ஸோட வண்டியும் அப்படித்தான். 1888 ஆகஸ்ட்ல பென்ஸோட மனைவி பெர்தா, ரெண்டு பசங்களை ஏத்திக்கிட்டு மன்ஹைம்ல இருந்து போர்ட்ஸ்ஹைம் வரைக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டுப் போனாங்க. வழியெல்லாம் தண்ணி கிடைச்ச இடத்துல நிறுத்தி ஊத்திக்கிட்டே போக வேண்டியிருந்தது. லீக் இல்லாமலே தண்ணி தீர்ந்துட்டே இருக்கிற வண்டி!

மைபாக் 1889ல செஞ்ச ஸ்டீல் சக்கர கார்ல வேற ஒரு யோசனை வெச்சார். வண்டியோட சட்டமே இரும்புக் குழாய்தானே, அதுக்குள்ளயே கூலிங் தண்ணியை ஓட விட்டார். தண்ணி சட்டம் முழுக்கச் சுத்தி, காத்துல சூட்டை விட்டுட்டுத் திரும்பி வரும். தனி ரேடியேட்டரே கிடையாது. பாரிஸ் உலகக் கண்காட்சியில அந்த வண்டியை வெச்சாங்க. பிரெஞ்சுக்காரங்க அந்த இன்ஜினுக்கு லைசென்ஸ் எடுத்து கார் செய்ய ஆரம்பிச்சாங்க.

வண்டி ஓடுது, பேர் கிடைக்குதுன்னா அடுத்தது பணம் போட்டவங்க வருவாங்க. 1890ல டைம்லர் மோட்டார் கம்பெனி ஆரம்பிச்சது. மைபாக்குக்குக் கொடுக்க முன்வந்த நிபந்தனைகள் அவருக்கு ஒத்துவரல. 1891ல வெளிய வந்துட்டார். டைம்லருக்கும் பார்ட்னர்களோட சண்டை. அவர் பின்னாடி நின்னு பணம் கொடுக்க, மைபாக் முதல்ல வீட்டுல உட்கார்ந்து வரைஞ்சார், அப்புறம் கான்ஸ்டாட்ல மூடிக் கிடந்த ஹெர்மன் ஹோட்டல்ல வேலை பார்த்தார். கம்பெனிக்கு வெளிய, பூட்டின ஹோட்டல்ல இருந்த அந்தக் காலத்துலதான் ஸ்ப்ரே கார்புரேட்டரும் ஃபீனிக்ஸ் இன்ஜினும் பிறந்தது. நம்ம அப்பாக்கள் ஓட்டின ஸ்கூட்டர், பைக் கார்புரேட்டர் எல்லாம் அந்த ஜெட் யோசனையோட வாரிசுகள்தான். இங்கிலாந்து வியாபாரி ஃப்ரெடரிக் சிம்ஸ், டைம்லர் திரும்ப வந்தாத்தான் லைசென்ஸுக்குப் பணம் தருவேன்னு பிடிவாதம் பிடிச்சதால, 1895ல ரெண்டு பேரும் மறுபடி கம்பெனிக்குள்ள வந்தாங்க.

1897ல மைபாக் நிறைய சின்னக் குழாய்கள் வெச்ச ரேடியேட்டரைக் கொண்டு வந்தார். சட்டத்துக்குள்ள தண்ணி ஓட்டுறதெல்லாம் பெரிய இன்ஜினுக்குப் பத்தல. குழாய் ரேடியேட்டர் நல்லாவே வேலை செஞ்சது. ஆனாலும் தண்ணி நிறையத் தேவைப்பட்டது. தண்ணி அதிகம்னா கனம் அதிகம்.

1900 மார்ச் 6 அன்று டைம்லர் இறந்துட்டார். டிராயிங் போர்டு முன்னாடி உட்கார்ந்திருந்த பையனை அடையாளம் கண்ட மனுஷன். அப்பா மாதிரின்னே சொல்லலாம். அதே மாசம் நீஸ் பக்கத்துல லா டுர்பி மலைப் பந்தயத்துல அவங்க கம்பெனி ஃபீனிக்ஸ் கார் மோதி டிரைவர் வில்ஹெல்ம் பாவர் செத்துப்போனார். வண்டி உயரம், முன்பக்கம் கனம், திருப்பத்துல நிக்கல.

கம்பெனி பந்தயத்தையே விட்டுடலாமான்னு யோசிச்ச நேரத்துல, எமில் யெல்லினெக் என்கிற பணக்கார வியாபாரி எதிர்த் திசையில போனார். நீளமான, தாழ்வான, லேசான, அதே சமயம் பவர் அதிகமான கார் வேணும்னு கேட்டார். அப்படிச் செஞ்சா 36 கார் வாங்குறேன்னு ஆர்டர் போட்டார். விலை 5,50,000 மார்க். ஒரு நிபந்தனை, வண்டிக்குத் தன் பொண்ணு பேரை வைக்கணும். பொண்ணு பேர் மெர்சிடிஸ்.

இந்த ஆர்டர் மைபாக் மேசைக்கு வந்தது. வழிகாட்டி இல்ல, கைல சில மாசம்தான். இன்ஜின் 35 குதிரைத்திறன், கிட்டத்தட்ட ஆறு லிட்டர். அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டுறது? பெரிய டேங்க் வெச்சா வண்டி மறுபடி கனமாகும். லா டுர்பியில நடந்தது மறுபடி நடக்கும்.

அவர் செஞ்சது தேன்கூடு ரேடியேட்டர். 6 மி.மீ.க்கு 6 மி.மீ. அளவுள்ள சதுரக் குழாய்கள், மொத்தம் 8070. எல்லாத்தையும் அடுக்கி ஒண்ணா ஈயப்பத்து வெச்சு ஒரு செவ்வகமாக்கி வண்டியோட மூக்குல வெச்சார். குழாய்க்குள்ள காத்து போகும், குழாய்களுக்கு நடுவுல இருக்கிற மெல்லிய இடுக்குல தண்ணி ஓடும். பின்னாடி ஒரு ஃபேன், வண்டி மெதுவா போகும்போதும் காத்து இழுக்க.

இதுல என்ன பெருசுன்னு கேட்டா ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. 60 மி.மீ. பக்கமுள்ள ஒரே ஒரு சதுரக் குழாய் எடுத்துக்கோங்க. சுற்றளவு 240 மி.மீ. அதே இடத்துல 6 மி.மீ. குழாய் நூறு அடுக்கலாம், சுவர் தடிமனை விட்டுடலாம். ஒவ்வொண்ணுக்கும் சுற்றளவு 24. மொத்தம் 2400. அதே இடம், அதே நீளம், சூட்டை விடுற பரப்பு பத்து மடங்கு! நாலு வருஷமா சர்ஃபேஸ் ஏரியான்னு படிக்கிறோமே, அதோட மொத்த அர்த்தமும் இந்த ஒரு பொருள்ல இருக்கு. தண்ணித் தேவை பாதியா குறைஞ்சு 9 லிட்டருக்கு வந்தது.

இதுக்கு ஒரு விலையும் உண்டு. 8070 குழாய்னா 16,140 முனை. ஒவ்வொரு முனையும் பத்து வெச்ச இணைப்பு. அதுல ஒண்ணு சரியா ஒட்டலேன்னாலும் அங்க சொட்டும். பரப்பைக் கூட்டினா லீக் ஆகுற இடமும் கூடும். இன்னைக்கு ரேடியேட்டர் உள்ளே வேற மாதிரி ஆயிடுச்சு, தட்டையான அலுமினியக் குழாய்க்குள்ள கூலண்ட், வெளிய மெல்லிய ஃபின்களுக்கு நடுவுல காத்து. ஆனா இந்தப் பேரம் மாறவே இல்ல.

முதல் கார் 1900 டிசம்பர்ல யெல்லினெக் கைக்குப் போனது. 1901 மார்ச்ல நீஸ் பந்தய வாரத்துல மத்த எல்லாரையும் ஓரங்கட்டிடுச்சு. குதிரை இல்லாத குதிரை வண்டி மாதிரி இருந்த கார், இன்னைக்கு நாம கார்னு சொன்னதும் மனசுல வர்ற உருவத்துக்கு வந்தது இந்த வண்டியிலதான். முன்னாடி ரேடியேட்டர், அதுக்குப் பின்னாடி இன்ஜின், தாழ்வான சட்டம். பிரான்ஸ்ல மைபாக்கை டிசைனர்களின் ராஜான்னு கொண்டாடினாங்க.

ஆனா வண்டியோட பேர் மெர்சிடிஸ். கம்பெனியோட பேர் டைம்லர். சொந்தக் கம்பெனியிலயே அவரை மெதுவா ஓரம் கட்டினாங்க. கண்டுபிடிப்பு ஆபீஸ்னு ஒண்ணு உருவாக்கி அவரை அங்கே உட்கார வெச்சுட்டு, முக்கியமான டிசைன் வேலையை வேற ஆள்கிட்ட கொடுத்தாங்க. 1907ல, 61 வயசுல, அவர் வெளிய வந்தார். இத்தனை வருஷம் பக்கத்துல நின்ன டைம்லர் இந்தத் தடவை இல்ல.

அப்படியே ஓய்ஞ்சு போயிருக்கலாம். 1908 ஆகஸ்ட்ல எக்டர்டிங்கன்ல இன்ஜின் கோளாறால இறங்கின கவுண்ட் செப்பலினோட ஆகாயக் கப்பல், புயல்ல சிக்கி எரிஞ்சு போச்சு. மைபாக் உடனே செப்பலினுக்கு எழுதினார், ஆகாயக் கப்பலுக்குன்னே நம்பகமான இன்ஜின் செஞ்சு தரேன்னு. 1909ல அதுக்காக ஒரு கம்பெனி ஆரம்பமாச்சு. நடத்தினது மகன் கார்ல். அப்பா ஆலோசகர். அந்தக் கம்பெனிதான் பிறகு ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்குப் போய், 1918ல மைபாக் பேரையே எடுத்துக்கிட்டது. 1921ல மகன் செஞ்ச கார்ல அந்தப் பேர் முதல் தடவையா ஏறினது. அப்போ அப்பாவுக்கு வயசு 75.

1916ல ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. காலேஜ்ல படிக்காதவருக்கு எழுபது வயசுல காலேஜ் பட்டம். 1926ல டைம்லரும் பென்ஸும் ஒண்ணாச் சேர்ந்து டைம்லர்-பென்ஸ் ஆச்சு. 1929 டிசம்பர் 29 அன்று மைபாக் ஸ்டுட்கார்ட்ல இறந்தார். கான்ஸ்டாட்ல, டைம்லரைப் புதைச்ச அதே கல்லறைத் தோட்டத்துலதான் அவரையும் புதைச்சாங்க. கடைசி வரைக்கும் டைம்லர் போன இடத்துக்கே போனார்னு நினைச்சப்போ எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைச்சது.

சரி, எங்க கார் கதைக்கு வரேன். மெக்கானிக் அண்ணன் முதல்ல ஒண்ணுமே செய்யல. முக்கால் மணி நேரம் ஆற விட்டார். அப்புறம் துணி வெச்சு மூடியைத் திறந்து கூலண்ட் நிரப்பினார். மூடி இருந்த இடத்துல மீட்டர் வெச்ச ஒரு கைப் பம்பை மாட்டி, மூடியில போட்டிருந்த அளவுக்கு அழுத்தம் ஏத்தினார். மீட்டர் முள் மெதுவா இறங்கினது. இறங்குதுன்னா எங்கயோ போகுதுன்னு அர்த்தம். டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கான்னு பார்த்தார். இல்ல. முன் சீட்டு கால் மிதியடிக்குக் கீழ ஈரம் இருக்கான்னு தொட்டார். இல்ல. ஹோஸ் ஒவ்வொண்ணா அழுத்தினார், வாட்டர் பம்ப் அடியில விரல் வெச்சுப் பார்த்தார். எல்லாம் காஞ்சிருந்தது. கடைசியா டார்ச் அடிச்சு ரேடியேட்டரோட கீழ் மூலையைக் காட்டினார். பச்சையா காஞ்ச ஒரு கறை, அதுக்கு நடுவுல ஒரு பொட்டு ஈரம். அலுமினியக் குழாய் பிளாஸ்டிக் டேங்கோட சேர்ற இணைப்பு. மைபாக்கோட 16,140 முனையில ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க.

பெருசா வெடிச்சுப் போற இடத்தையெல்லாம் முதல்ல விலக்கிட்டு, கடைசியில சின்ன இடத்துக்கு வந்தார். என் வைவால கேட்டிருந்தா நான் இந்த வரிசையைச் சொல்லியிருப்பேனான்னு தெரியல. அவர் என்ன படிச்சிருக்கார்னு அப்பா கேட்டப்போ, பத்தாவதுக்கு மேல போகலன்னு சொல்லிட்டுச் சிரிச்சார். அப்போ எனக்கு மைபாக்கைத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அவர்கிட்ட இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்.

இந்த மே மாசம் என் கைக்கு டிகிரி வந்துடும். ஆஃபர் லெட்டர்ல இருக்கிற வேலை சாஃப்ட்வேர். நம்ம பேட்ச்ல பாதிப் பேருக்கு அதுதான். ரேடியேட்டர் பக்கமே போகாம போயிடுவேனோன்னு ஒரு பயம் இருக்கு. அதனால அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது திண்டிவனத்துல இறங்கி அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம்னு இருக்கேன். அந்தக் கைப் பம்பை ஒரு தடவை நானே மாட்டிப் பார்க்கணும். இன்ஜின் ஆறின பிறகுதான்.